வளைகாப்புக்குள் வடியவேண்டிய வீக்கம்

பிப்ரவரி 6

இன்று ஷெட்டில் நண்டு குறைவு. மதியத்துக்குள் தரம் பிரித்து முடித்துவிட்டோம். பெரியது ஒரு பெட்டி, கால் உடைந்தது ஒரு பெட்டி. நான் எப்போதும் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டம் அண்ணன் ஐஸ் கொட்டிக்கொண்டே, "இன்னாம்மா வெண்ணிலா, உனக்கும் செவுத்துக்கும் எப்போ கல்யாணம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. தெரியும். ஷாலை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டேன்.

இங்கே மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான். புதிதாக வருகிறவர்கள் நாற்றத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 9

அம்மா மீன் விற்றுவிட்டு வந்ததும் சொன்னாள். "திவ்யா முழுவாம கீதாம். பங்குனில வளகாப்பு. ஏப்ரல் ஆறு. சுண்ணாம்புக்கொளத்துலயே மாமியார் ஊட்ல. உன்னயும் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க."

யார் சொன்னது? திவ்யாவா, திவ்யாவின் அம்மாவா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

திவ்யா எதிர்வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் பள்ளியை விட்ட பிறகும் தினம் சாயங்காலம் வந்து அன்று நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். போன வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். நான்தான் தோழிப்பெண், மேடையில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். புடவைகூட அவளே எடுத்தாள், தேன் நிறம்.

மண்டபத்தில் அலங்கார அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே யாரிடமோ சொல்வது கேட்டது. "இதுவா தோழிப்பொண்ணு? போட்டோல பக்கத்துலயே நிக்குமே. வேற யாராச்சும் நிக்கட்டுமேம்மா." மெதுவாகத்தான் சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்று சொல்லவில்லை.

சாப்பாடு முடியும்வரை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தில் யார் என்னைக் கூப்பிட்டார்கள், கூப்பிடவில்லை, எதுவும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து திவ்யா போனில் ஒரே வரி அனுப்பினாள். "நீ மேடைக்கு வரவே இல்ல." அதற்கு என்ன பதில் போடுவது? உன் மாமியார் இப்படிச் சொன்னார் என்று புதுப்பெண்ணிடம் சொல்ல முடியுமா? போடவில்லை. அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை.

பிப்ரவரி 10

தூக்கம் வரவில்லை என்பதால் இல்லை. சும்மா எழுதுகிறேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவோடு ஏரிக்குப் போனேன். இன்ஜின் கயிற்றை அவர் வேகமாகப் பின்னால் இழுத்தார். நான் அவருக்குப் பின்னால் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய முழங்கை, என் மூக்கு. அவ்வளவுதான்.

பச்சிலைப் பற்று போட்டார்கள். ரத்தம் நின்றது, வீக்கமும் போனது. எலும்பு மட்டும் இடது பக்கமாகத் திரும்பி அப்படியே கூடிவிட்டது. வகுப்பில் ஒருவன் ஸ்கேலை எடுத்து என் மூக்கின் மேல் வைத்துப் பார்த்தான். காலாண்டுத் தேர்வு லீவு முடிந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று...

நைனா இப்போதும் இன்ஜின் கயிற்றை இழுக்கும் முன் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். தோணியில் வேறு யாருமே இல்லாத நாளிலும்.

என் முகத்தைத்தான் பார்க்க மாட்டார். பேசினால் என் தோளைப் பார்த்துப் பேசுவார்.

பிப்ரவரி 17

சென்னை பெரிய ஆஸ்பத்திரி. பழவேற்காட்டு முகாமில் இரண்டு வருஷம் முன்பே சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், பதினெட்டு முடியட்டும், எலும்பு வளர்ச்சி நிற்கட்டும் என்று. நானும் அம்மாவும் பஸ்ஸில் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரி, அங்கிருந்து ரயில்.

டாக்டர் பெயர் சோபியா. சின்ன வயதுதான். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நடுச்சுவர் வளைந்திருக்கிறதாம், அதனால்தான் இடது பக்கம் மூச்சு வருவதில்லை. பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு என்ன வேணும்? மூச்சா, அழகா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ரெண்டுந்தாம்மா" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

மூச்சு சரியாகும், வெளி வளைவும் குறையும், ஆனால் நூற்றுக்கு நூறு நேராகும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றார். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். எலும்பைத் திரும்ப உடைத்துப் பொருத்த வேண்டும். வெளியே கட்டு ஒரு வாரம், பத்து நாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகும். "முகம் வேற ஆளோடதா மாறிடாது. அதே நீதான். புரியுதா?" தலையாட்டினேன். "ஏதாவது கேக்கணுமா?" இல்லை என்று தலையாட்டினேன்.

கேட்க நினைத்தது: வீக்கம் எத்தனை நாளில் வடியும்? ஏப்ரல் ஆறுக்குள் சரியாகிவிடுமா?

முன்னால், பக்கவாட்டில், கீழிருந்து என்று போட்டோ எடுத்தார்கள். ஷால் இல்லாமல் ஒரு வெளியாள் முன் நின்று எவ்வளவோ காலமாகிறது. போட்டோ எடுத்தவர் வேறு எதுவும் சொல்லவில்லை. "தாடைய தூக்கும்மா" என்றார்.

மார்ச் பதினெட்டு என்று தேதி கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது அம்மா கணக்குப் போட்டாள். "மூணு வெயில் காஞ்சா கருவாடு. பத்து நாள் கட்டுனா மூக்கு. வளகாப்புக்கு தாராளமா ஆயிடும்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மார்ச் 2

பதினெட்டாம் தேதி நைனாவுக்குப் பாடு. இறால் நன்றாக விழும் இடங்களில் அவரவர் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. விட்டால் மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அம்மா, "நானே கூட்டிக்கினு போய் வரேன். நீ மொறய உட்டுடாத" என்றாள்.

நைனா வலையைப் பார்த்தபடியே, "இல்ல. நான் போறேன்" என்றார். சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் போய் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார் என்று பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

மார்ச் 16

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். திருகு இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு அம்மா அரை மணி நேரம் திருகினாள். "ஓட்ட தூந்துடுமேடி" என்று அவளுக்குத்தான் கவலை. எனக்கு அந்த மூக்குத்தி எப்போதுமே பிடிக்காது. எல்லோரையும் அங்கே பார்க்க வைக்கும்.

மார்ச் 17

வார்டு. பக்கத்துக் கட்டிலில் வியாசர்பாடி அக்கா ஒருவர், சாமுண்டீஸ்வரி. ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மூக்கு உடைந்து, ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள். முகம் முழுக்க நீலம், மூக்கின் மேல் பட்டை. ஆனால் வாய் ஓயவில்லை.

"பயந்துக்கினியா? பயப்படாத. வலி அவ்ளோ இல்ல. ஆனா பேஜாரு இன்னான்னா, மூக்குல பஞ்ச அடச்சு வுட்டுருவாங்க, வாயாலதான் மூச்சு உடணும். தொண்ட காஞ்சு போவும். மொத ரெண்டு நாளு கண்ணாடி கேக்காத. நான் கேட்டேன். எங்கூட்டுக்காரு, 'இது எம்பொண்டாட்டி இல்ல, மாத்திட்டாங்க'ன்னு நர்ஸுகிட்ட சண்டைக்குப் போயிட்டாரு."

சிரித்தேன். ஷாலுக்குள்தான். அக்கா கையை நீட்டி ஷாலைக் கீழே இழுத்தார். "இங்க எவளுக்கு ஒயுங்கான மூக்கு கீது? உட்ரு."

இந்த வார்டில் எல்லாருக்கும் மூக்குதான்.

மார்ச் 19

வாயால் மூச்சு. விழுங்கினால் காது அடைக்கிறது. எழுத முடியவில்லை.

மார்ச் 20

பஞ்சை எடுத்தார்கள். பூக்காரி கூடையிலிருந்து பூச்சரத்தை இழுப்பதுபோல வந்துகொண்டே இருந்தது, இவ்வளவு உள்ளே இருந்ததா என்று. வலியைவிட அந்த இழுப்புதான். கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டியது. நர்ஸ், "வாயத் தொற, வாயத் தொற, ஆச்சு" என்றார்.

பிறகு வெளியே நைனா. டீயும் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். தோளை இல்லை. கண் இரண்டும் நண்டு ஓட்டின் நிறத்தில் இருந்திருக்கும். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாஷ்டா துன்னியா?" என்றார்.

மார்ச் 22

வீடு. படுக்கும்போது தலை உயரமாக இருக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது. ஷெட்டில் குனியாமல் என்ன வேலை செய்வது? கருவாடு வெயில் இல்லாத இடத்திலா காய்கிறது? ஆகவே ஒரு வேலையும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நின்றார்கள், வாசலில் ஒரு கால், உள்ளே ஒரு கால். "அய்யய்ய, யாரோ அடிச்சுப் போட்டாப்ல கீது." "இருந்த மூக்கே நல்லாத்தானம்மா இருந்துச்சு?" இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அதை என்னிடம் சொன்னதில்லை.

மார்ச் 23

வாசனை எதுவும் இல்லை. அம்மா நண்டுக் குழம்பு வைத்தாள். வெந்நீர் மாதிரி இருந்தது. காலையில் கண் விழித்ததும் ஏரியின் சேற்று வாடைதான் முதலில் வரும். அதுவும் இல்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன், ஏரி அங்கேயே இருக்கிறதா என்று.

பகல் முழுக்க வீட்டில் நான் மட்டும். எதிர்வீட்டில் திவ்யாவின் அம்மா சீர்த்தட்டுக்கு வளையல் வாங்கி அடுக்குகிறார். கண்ணாடிச் சத்தம் இங்கே கேட்கிறது.

மார்ச் 24

தும்மிவிட்டேன். வாய் திறந்துதான். இருந்தாலும் உயிர் போய் வந்தது.

மார்ச் 26

கட்டு பிரித்தார்கள். நைனா கூட வந்தார்.

நேற்று இரவெல்லாம் அந்த மூக்கை நினைத்து நினைத்து ஒரு வடிவம் செய்துவைத்திருந்தேன். கண்ணாடியில் அது இல்லை. பன்னு மாதிரி ஒன்று இருந்தது. கோணல் போயிருக்கிறது, சரிதான், ஆனால் அகலமாக, நுனி மேலே தூக்கிக்கொண்டு, யாருடைய மூக்கோ. தொட்டால் மரத்துப்போயிருக்கிறது. சதை இருக்கிறது, நான் அதற்குள் இல்லை.

டாக்டர் சோபியாவுக்கு ஒரே திருப்தி. "சூப்பரா வந்திருக்கு. வீக்கம் மெதுவா வடியும். கன்னத்துல, கண்ணு ஓரத்துல ஐஸ் வை. மூக்கு மேல எதையும் வைக்காத." மேலே சின்னதாக ஒரு டேப் மட்டும் ஒட்டினார். "கேக்கணுமா ஏதாவது?"

மெதுவா என்றால் எவ்வளவு மெதுவா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ரயிலில் நைனா ஜன்னல் பக்கம் எனக்கு விட்டார். மீஞ்சூர்வரை அழுதேன். அழுதாலும் மூக்கைச் சிந்த முடியாது. துடைக்கத்தான் முடியும்.

இன்னும் பதினோரு நாள்.

மார்ச் 27

நானேதான் போய்க் கேட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

ரங்கம்மாள் பெரியம்மா அம்மாவுக்கு அக்கா, அடுத்த வீடு. ஏரியில் கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் எங்கள் ஊரில் அவரிடம்தான் ஓடி வருவார்கள். கல் உப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் ஒத்தி எடுப்பார். பூசணிக்காய் மாதிரி வீங்கிய கை மறுநாள் வலைக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அதுவும் வீக்கம், இதுவும் வீக்கம். ஐஸ் எதற்கு? டாக்டருக்குக் கெளுத்தி முள்ளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

பெரியம்மாவே தயங்கினார். "இது ஆபரேசன் பண்ண எடமாச்சேடி." நான், "பரவால்ல பெரீம்மா, வளகாப்பு வருது" என்றேன். "சூடு பொறுக்குதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுத்தான் வைத்தார். பொறுக்கிறது, பொறுக்கிறது என்றேன். உண்மையாகவே எனக்குச் சூடு தெரியவில்லை.

மரத்துப்போன இடத்தில் எப்படித் தெரியும். இது ஏன் அப்போது தோணல. ஏன்டி தோணல உனக்கு.

ராத்திரி சாப்பிடும்போது சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுந்தது. சிவப்பாக. அப்புறம் நிற்கவே இல்லை.

மார்ச் 28

ரத்தம் விடியற்காலை நின்றது. ஆனாலும் நைனா விடவில்லை. முதல் பஸ்.

டாக்டர் சோபியா பார்த்ததும், "இது என்ன, மூக்கு மேல சுட்ட மாதிரி?" என்றார். நுனியில் தோல் சிவந்து சின்னக் கொப்புளம். நைனாதான், "உப்பு ஒத்தடம் குடுத்தாங்க டாக்டரம்மா. எங்க ஊர்ல முள்ளு குத்துனா அப்டித்தான்..." என்று இழுத்தார்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது விஷத்துக்கு, சூட்டில் அடங்கும், இது வெட்டி ஒட்டிய இடம், சூடு பட்டால் ரத்தம் பெருகும் என்று நைனாவிடம் பொறுமையாகச் சொன்னார். உள்ளே பார்த்தார். எலும்பு நகரவில்லை. கொப்புளத்துக்கு மருந்து போட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "என்ன அவசரம் உனக்கு?" என்றார்.

அப்போது எப்படியோ வந்துவிட்டது. "என் சிநேகிதிக்கு வளைகாப்பு டாக்டர். ஏப்ரல் ஆறு. அதுக்குள்ள இது என் மூக்கா ஆவுமா?"

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. மூக்கால் இல்லாமல், தொண்டையிலிருந்து.

"ஆகாது" என்றார். "முக்கால்வாசி வீக்கம் ரெண்டு மூணு மாசத்துல போகும். முழுசா ஒரு வருஷம். நுனிதான் கடைசில வடியும். இத நீ முதல் நாளே கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கணும்." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நீ தலையாட்டினதப் பாத்து எல்லாம் தெரியும்னு நினைச்சிட்டேன்" என்றார்.

ஒரு வருஷம். திவ்யாவின் குழந்தை அதற்குள் தவழும்.

மார்ச் 30

பெரியம்மா வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. நான் எழுந்து போயிருக்கலாம்.

ஏப்ரல் 3

போவதில்லை என்று முடிவு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். பிறகு அடுப்படியில் பாத்திரம் உருண்டது.

கோணல் மூக்கோடு போகவில்லை. நேர் மூக்கோடும் போகவில்லை. அப்புறம் எதற்குடா இந்த...

ஏப்ரல் 5

அம்மாவும் பெரியம்மாவும் சீர்த்தட்டோடு திவ்யா வீட்டு வேனில் இன்றே போய்விட்டார்கள். வேன் புறப்படும்போது நான் உள்ளே இருந்தேன்.

சாயங்காலம் நைனா வலையை உதறிக்கொண்டே, தோளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "காலைல தோணி எடுக்கறேன். ஏரி வழியா போனா சுண்ணாம்புக்கொளம் கிட்டத்தான்."

"நான் வரலன்னு சொல்லிட்டேனே நைனா."

"நான் அந்தப் பக்கம் போறேன். வேணும்னா ஏறிக்க."

அந்தப் பக்கம் அவருக்கு என்ன வேலை?

ஏப்ரல் 6

ஏறிக்கொண்டேன்.

தேன் நிறப் புடவை. முகத்தில் டேப். ஷாலும்தான். "முன்னாடி போய் உக்காரு" என்றார். ஒன்பதாவதுக்குப் பிறகு இந்தத் தோணியில் நான் ஏறியதில்லை. முன்பக்கம் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவர் கயிற்றைப் பிடித்தார். நான் கண்ணுக்கு எதிரே இருக்கிறேன், பின்னால் வெறும் தண்ணீர். இருந்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இழுத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் பலகைக்கு அடியிலிருந்து குடையை எடுத்து நீட்டினார். "வெயில் படக் கூடாதுன்னாங்க இல்ல." ஏரி நடுவில் குடை! விரித்த உடனே காற்று அதைத் திருப்பிப் போட்டுக் கம்பியெல்லாம் வானத்தைப் பார்த்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், "சகாதேவா, இன்னா பாய்மரம் கட்டிக்கினு போறியா?" என்று கத்தினார். நைனா சிரித்தார். நானும். சிரித்தால் மேல் உதடு இழுத்து வலிக்கிறது. அப்படியும் சிரித்தேன். அப்புறம் ஷாலைத் தலையோடு சுற்றி, மூக்குக்கு மட்டும் நிழல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டேன்.

திவ்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல், கன்னம் முழுக்கச் சந்தனம். பெருத்திருந்தாள். வரிசையில் பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். முன்னால் அவளுடைய மாமியார்.

"இன்னாம்மா மூக்குல?" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை போல.

"ஆபரேஷன். முன்னாடி கோணலா இருந்துச்சு. இன்னும் வீக்கம் வடியல, ஒரு வருஷம் ஆவும்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நான் பேசியது அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர், "ஓ" என்றார். பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது, அவர் கண்ணில் தெரிந்தது. நகர்ந்து வழி விட்டார்.

திவ்யா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். பச்சை வளையல் ஒன்றை எடுத்துப் போட்டேன். அது அவள் விரல் முட்டியில் சிக்கிக்கொண்டது.

"அன்னிக்கி ஏண்டி வரல?" மெதுவாகக் கேட்டாள்.

"போட்டோ கெட்டுப் போயிடும்னு."

"யாரு சொன்னா?"

நான் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் இறங்கவில்லை.

"ஆல்பத்த நீ பாக்கல இல்ல?" என்றாள். "ஒரு போட்டோலகூட நான் கேமராவப் பாக்கல. எல்லாத்துலயும் கழுத்த திருப்பிக்கினு எங்கயோ பாக்கறேன். வாசலப் பாக்கறேன்டி, லூசு. நீ வருவேன்னு. எங்க வூட்டுக்காரு இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கினு கீறாரு, தாலி கட்டும்போது யாரத் தேடுனேன்னு."

பின்னால் யாரோ, "அடுத்த ஆளு வரட்டும்மா" என்றார்கள். திவ்யா, "இருங்க" என்றாள். தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்தாள். என் ஷாலை விரலால் ஒதுக்கிவிட்டு, ஒரு கன்னம், இன்னொரு கன்னம். டேப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனது, ஏரியில் வலை கட்டிய முளைக்குச்சியைத் தோணி சுற்றிப் போகிற மாதிரி.

"வலிக்குதா?"

"இல்ல. மரத்துப்போயிருக்கு."

"போட்டோ எடுக்கற வரைக்கும் இங்கயே நில்லு. நவுந்தே, கொன்னுடுவேன்."

நின்றேன்.

ஏப்ரல் 19

ஷெட்டுக்குப் போகலாம், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் கனம் தூக்காதே என்றார்கள். உள்ளே காலை வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. நண்டு கழுவின தண்ணீர் போகிற சாக்கடை. அப்படி ஒரு கலீஜு நாற்றம். வாசலுக்கு ஓடி வந்து நின்றுகொண்டு, மறுபடி ஒரு தடவை உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வருகிறது. இடது பக்கமும்.

வரும் வழியில் ரங்கம்மாள் பெரியம்மா வீட்டுக்குள் போனேன். "பெரீம்மா, நாத்தம் தெரியுது" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் டீ போட்டார்.

மே 12

திவ்யாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தினமும் போன். குழந்தை உதைப்பதை நான் போனில் கேட்க வேண்டுமாம். வயிற்றின் மேல் போனை வைக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

வளைகாப்புப் போட்டோ அனுப்பினாள். நான் உருண்டையாக, சந்தனமும் டேப்புமாக, பார்க்கவே சகிக்கவில்லை. அவள் கேமராவைப் பார்க்கிறாள்.

ஜூன் 18

பெண் குழந்தை. மூக்கு யாருடையது என்று இரண்டு வீட்டிலும் சண்டை நடக்கிறதாம்.

ஜூலை 21

செக்கப். டாக்டர் பழைய போட்டோவையும் இன்றைய போட்டோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வளைவு போயிருக்கிறது. நுனி மட்டும் இடது பக்கமாக நூலளவு. "இது இப்படியே இருக்கலாம். பரவாயில்லையா? இல்ல, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கலாமா?" என்றார்.

யோசித்தேன். "மறுபடி பஞ்ச வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வைப்போம்."

"அப்ப இப்படியே இருக்கட்டும்."

ஆகஸ்ட் 9

நெத்திலி நிறைய. விடியலிலிருந்து ஷெட்டுக்கு வெளியே மணலில் பரப்பினோம். கோதண்டம் அண்ணன், "இன்னாம்மா, செவுத்த உட்டு வெளிய வந்துட்ட. டைவர்ஸா?" என்றார். "ஆமாண்ணே, சேர்ந்து வாழ முடியல" என்றேன். சிரிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மதியம் நைனா வந்தார். சாப்பிட வீட்டுக்குக் கிளம்பும்போது ஷாலைத் தேடினேன். கயிற்றில் இல்லை, பெட்டி மேல் இல்லை. "எங்க வச்சேன்?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நைனா மணலைக் காட்டினார்.

காக்கை கொத்தாமல் இருக்க, நெத்திலி மேல் நானே காலையில் விரித்திருக்கிறேன். நான்கு மூலையிலும் கல் வைத்து.